பிரேக் குழாயில் கண்ட ஈரம்

ஈரத்தைப் பற்றி நாமகிரிப்பேட்டை ஜனங்களுக்கு வேற்றூரார் ஒருவர் வந்து உபதேசம் செய்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். சுற்று வட்டாரத்தில் விளையும் மஞ்சள் இவ்வூர்ச் சந்தையில் வந்து குவிகிறது. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலம் நடைபெறும்பொழுது, விரலி, உருண்டை, பனங்காளி என்று வகை பிரித்து மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. அனுபவமுள்ள வியாபாரி எவரும் மூட்டையின் மேற்புறத்தைக் கண்டு விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்க்கிறார். நன்றாய் உலர்ந்த மஞ்சள் ஒடியும்பொழுது உலோகத்தைத் தட்டினாற்போல் கணீரென்று ஓசை எழும். உள்ளே ஈரம் தங்கியிருப்பின் அவ்வோசை எழாது. வேகவைத்த மஞ்சள் பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காய்ந்து, அதன் ஈரம் 100க்கு 10 பங்கு என்னும் அளவுக்கு இறங்கிய பின்னரே விலைக்கு உரியதாகிறது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடித்துச் சரக்குக் கெடும். வியாபாரியின் பெயரும் உடன் கெடும்.

மஞ்சளுக்கு ஆகாத ஈரம் நாகஸ்வரத்திற்கு வேண்டியதாகிறது. சீவாளியை நனைத்துப் பதப்படுத்தாமல் எந்த வித்வானும் வாசிக்கத் தொடங்கார். இவ்வூரின் பெயரை நாகஸ்வர இசையினால் தேசமெங்கும் பரவச் செய்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) வாழ்ந்த பிரதேசம் இது. ஆக, ஈரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம், எவ்வளவு இருக்கலாம் என்னும் விவேகம் இவ்வூராருக்குக் கைவந்த வித்தையாகும்.

இத்தகைய ஊரிலே, ஒரு மோட்டார் சைக்கிளின் பிரேக் குழாயில் கண்ட சிறிதளவு ஈரத்தைக் குறித்து மூவர் மூன்று விதமாகத் தீர்ப்புக் கூறியதையும், அம்மூவருள் ஒருவரேனும் அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பாராததையும் சமீபத்தில் நேரில் காண நேர்ந்தது. விஷயம் அற்பமானதென்று நேயர்கள் எண்ணலாகாது. 2022ஆம் ஆண்டில் நமது தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 100க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் வகித்தது நமது தமிழ்நாடே. இவற்றுள் பெரும்பாலானவை வேகத்தினாலும் கவனக் குறைவினாலும் நேர்ந்தவை என்பது மெய்யே. ஆயினும், நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி நில்லாவிடில் மற்றெல்லா ஜாக்கிரதையும் வீணாகும் என்பதை யார் மறுக்க முடியும்?

நடந்தது இது

மாசி மாதத்தில் ஒரு நாள், நாமகிரிப்பேட்டையில் வசிக்கும் நமது தமக்கையின் இல்லத்தில் தங்கியிருந்தோம். களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் பெய்த பனியில் தார்ப்பாய் நனைந்திருந்தது. தமக்கையின் குமாரர், கல்லூரிப் படிப்பை முடித்து உத்தியோகம் தேடும் வாலிபர், தம் தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குச் சென்று வரப் புறப்பட்டார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைமேல் செல்லும் சாலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகள் உண்டென்பது எல்லோரும் அறிந்ததே. ஏறுவது எஞ்சினின் பொறுப்பு. இறங்குவது முழுவதும் பிரேக்கின் பொறுப்பு.

வண்டியை வெளியே தள்ளும்பொழுது, முன் சக்கரத்திற்குச் செல்லும் கறுப்பு ரப்பர்க் குழாயில், அதாவது மெக்கானிக்குகள் 'ஓஸ்' என்று வழங்கும் குழாயில், ஈரம் பளபளத்தது. அதைச் சுட்டிக் காட்டினோம்.

“பனி மாமா. வண்டி ராத்திரி முழுக்க வாசலில்தானே நின்றது?” என்றார் மருமகப்பிள்ளை.

திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டுக்காரர், எழுந்து வராமலே, “அதெல்லாம் ஆயில் லீக்குங்க. ஓஸ், பேடு எல்லாத்தையும் மாற்றித்தான் ஆகவேண்டும், ஐயாயிரம் ஆகும்” என்று தீர்ப்பளித்தார்.

அவ்வழியே சென்ற மற்றொரு வாலிபர், “நேற்று வாட்டர் வாஷ் செய்தீர்களே, அந்தத் தண்ணீர்தான்” என்றார்.

மூன்று தீர்ப்புகள்; விசாரணை மட்டும் இல்லை. பல ஆண்டுகளாக நியாயஸ்தலங்களில் கறுப்பு அங்கியணிந்து நின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. சாட்சியைக் கூண்டில் ஏற்றுமுன்பே தீர்ப்பு எழுதி வைத்திருப்போர் உலகில் பலர். ஆனால் இவ்வழக்கில் பணயமாக வைக்கப்பட்டது நம் தமக்கையின் உயிர். ஆகவே, பிரயாணத்தை ஒரு மணி நேரம் ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டு, ஈரத்தையே சாட்சியாகக் கூண்டில் ஏற்றினோம்.

குழாயின் உள்ளே இருப்பது யாது?

விசாரணைக்கு முன், அக்குழாயின் தொழிலைச் சற்றே கூறுவது அவசியம். ஓரிடத்தில் அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் அத்திரவம் முழுவதும் குறைவின்றிப் பரவும் என்ற உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஞானி பாஸ்கல் விளக்கினார். அதனைச் சக்கரத்தை நிறுத்துவதற்குப் பயன்படுத்தும் முறைக்கு 1917இல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் உரிமைப் பத்திரம் பெற்றார். 1921இல் டூஸன்பர்க் மோட்டார் கார்களில் அம்முறை நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. 1969இல் ஜப்பானிய ஹோண்டா கம்பெனி தனது 750 ஸி.ஸி. மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் இதனை அமைத்த பின் இருசக்கர வண்டிகளிலும் இது பரவலாயிற்று. இன்று நம் கிராமத்து வீதிகளிலும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகள் சாதாரணமாகிவிட்டன.

கைப்பிடியை அழுத்தும்பொழுது மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு பாத்திரத்தின் உலக்கை எண்ணெயைத் தள்ளுகிறது. அவ்வழுத்தம் குழாய் வழியே இறங்கிச் சக்கரத்தருகேயுள்ள காலிப்பரைச் சேர்ந்து, பேடுகளை டிஸ்க் தகட்டின் மேல் இறுக்குகிறது. பலமாகப் பிடிக்கும்பொழுது அச்சிறு குழாயினுள் எழும் அழுத்தம் லாரி டயரின் காற்றழுத்தத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இருக்கும். ஆகவே குழாயிலோ அதன் இரு முனைகளிலுள்ள இணைப்புகளிலோ மயிரிழையளவு வழி கிடைத்தாலும் எண்ணெய் கசியத் தொடங்கும். அக்கசிவு முதலில் ஒழுக்காகத் தோன்றாது, ஈரமாகவே தோன்றும். கசிவு வளர்ந்து துளியாய்ச் சொட்டும்வரை காத்திருப்பவர், வீட்டுக் கூரையில் புகையைக் கண்டும் தீக்கொழுந்து எழட்டுமென்று உட்கார்ந்திருப்பவரை ஒப்பர்.

ஐந்து கேள்விகள்

முதற்கேள்வி: ஈரம் எங்கே இருக்கிறது? மேகமற்ற இரவில் வண்டியின் பாகங்கள் சூட்டை இழந்து குளிர்கின்றன. காற்றிலுள்ள நீராவி அவற்றின் மேல் பனித்துளியாகப் படிகிறது. பனி பட்சபாதம் காட்டாது. பெட்ரோல் டாங்க், ஸீட், கண்ணாடி, கைப்பிடி எல்லாவற்றின் மீதும் படியும். குழாயில் மட்டும் ஈரம் இருந்து டாங்க் உலர்ந்திருந்தால் அது பனியன்று. கசிவோ ஓரிடத்தில் பிறந்து கீழ்நோக்கி ஓடும். வண்டி ஓடும்பொழுது காற்றினால் பின்னோக்கியும் பரவும். ஆதலால் ஈரத்தின் மிக உயர்ந்த இடத்தைத் தேட வேண்டும். பிறப்பிடம் பெரும்பாலும் அங்கேதான். கீழே சொட்டுமிடத்தைக் கண்டு அங்கேயே குற்றம் சாட்டுவது, ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று அதன் ஊற்றைத் தேடுவதாகும்.

இரண்டாவது: எப்பொழுது வருகிறது, எப்பொழுது போகிறது? பனி வெயில் ஏறியதும் மறையும். கழுவிய நீர், குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளிலும் அதன் மேலுறையின் இடுக்கிலும் சில மணி நேரம் ஒளிந்திருந்து பின் மெல்ல இறங்கும். பிறகு அதுவும் மறையும். எண்ணெயோ வெயிலுக்கு அஞ்சாது. துடைத்தால் போகும், மறுநாள் திரும்ப வரும். திரும்ப வரும் ஈரத்தை ஒருபோதும் நம்பலாகாது.

மூன்றாவது: அதன் குணம் யாது? விரலால் தொட்டு மற்றொரு விரலோடு தேய்த்துப் பார்த்தால், நீர் வழுக்காது. பிரேக் எண்ணெய் வழுக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களின் சீல் தேய்ந்தால் அங்கிருந்து கசியும் எண்ணெயும் பிரேக் குழாயின் மேல் தெறித்து, கற்றோரையும் ஏமாற்றும். இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய பரீக்ஷை ஒன்றுண்டு. வெள்ளைக் காகிதத் துண்டினால் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் முக்க வேண்டும். ஃபோர்க் எண்ணெயானால் நீரின் மேல் வானவில் போல் வர்ணம் காட்டும் படலம் மிதக்கும். பொதுவாக வழங்கும் பிரேக் எண்ணெயானால் நீரோடு கலந்து மறையும். அது பெயின்டையும் அரிக்கும். ஆதலால் கசிவுக்குக் கீழே பெயின்ட் உப்பியோ உரிந்தோ இருப்பதும் ஒரு சாட்சியமே. நாவில் வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது, அது விஷம். கையையும் உடனே கழுவிவிட வேண்டும்.

நான்காவது: அழுத்தினால் என்ன சொல்கிறது? குழாயையும் இணைப்புகளையும் நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே டால்கம் பவுடரையோ மெல்லிய விபூதியையோ தூவ வேண்டும். டிஸ்க் தகட்டின் மேலும் பேடுகளின் மேலும் அது படாமல் காப்பது முக்கியம். பிறகு கைப்பிடியைப் பலமாக அழுத்திச் சில நிமிஷம் பிடித்திருக்க, மற்றொருவர் உற்றுப் பார்க்க வேண்டும். ஹாண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். குழாய் நேராயிருக்கையில் மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு, வளையும்பொழுது வாய் திறக்கும். பவுடர் எங்கே கறுத்து நனைகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான். அப்பொழுதே குழாயை விரலால் தடவிப் பார்த்து, எங்கேனும் புடைக்கிறதா என்றும் கவனிக்கலாம். வெளியே ஒரு துளி ஈரமும் இல்லாமல், பிடித்த கைப்பிடி மட்டும் மெல்ல மெல்ல உள்ளே இறங்குமானால், மாஸ்டர் சிலிண்டரின் உட்புற ரப்பர் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே வழி விடுகிறதென்று அறியலாம்.

ஐந்தாவது: மேற்பாத்திரத்தில் அளவு குறைந்திருக்கிறதா? அதன் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடியில் கீழ்க்கோடு காணப்படும். பேடுகள் தேயத் தேய எண்ணெய் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. சில நாட்களுக்குள் இறங்குவது இயல்பன்று. இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றைக் கூறாமலிருக்க முடியாது. மட்டம் குறைந்ததைக் கண்டதும் எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியடைகிறார்கள். இது சாட்சியத்தைக் கலைக்கும் செயல். ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே நிரப்ப வேண்டும்.

விசாரணையின் முடிவு

நமது வழக்கில் முதலிரண்டு கேள்விகளுக்கும் மருமகப்பிள்ளையின் கட்சியே வெல்லும் போலிருந்தது. டாங்கும் ஸீட்டும் நனைந்திருந்தன. வெயில் ஏறியது, டாங்க் உலர்ந்தது, குழாயின் மேற்பகுதியும் உலர்ந்தது. “பார்த்தீர்களா மாமா?” என்று அவர் சாவியைக் கையிலெடுத்தார்.

ஆனால் குழாயின் கீழ்முனையில், காலிப்பரோடு அதனைப் பிணைக்கும் போல்ட்டைச் சுற்றி, மோதிரம் போன்றதோர் ஈரம் மட்டும் உலரவில்லை. மற்றோர் அடையாளமும் அங்கே இருந்தது. மஞ்சளைப் பாலிஷ் செய்யுமிடத்தில் பறக்கும் மெல்லிய பொடி அவ்வட்டாரத்து வண்டிகளின் மேலெல்லாம் படிவது வழக்கம். குழாயின் மற்றப் பகுதியில் படிந்திருந்த பொடி வாயால் ஊதினவுடன் பறந்தது. போல்ட்டைச் சுற்றியிருந்த பொடியோ பல நாள் நனைந்து, அரைத்த மஞ்சள் போல் ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் தூவ எண்ணிய பவுடரை ஊரே முன்னதாகத் தூவி வைத்திருந்தது! பனி ஒரே இரவின் விருந்தாளி. இப்பொடி பல வாரங்களின் கணக்குப் புத்தகம்.

காகிதத்தால் ஒற்றி நீரில் முக்கினோம், படலம் மிதக்கவில்லை. கைப்பிடியை அழுத்திப் பிடித்தோம். துடைத்த இடத்தில் மறுபடியும் மெல்லிய ஈரம் அரும்பியது. மேற்பாத்திரத்தில் எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாவி மீண்டும் ஆணிக்குத் திரும்பிற்று. பனி என்றவரும் முழுவதும் பொய் சொல்லவில்லை; கசிவு என்றவரும் முழுவதும் உண்மை சொல்லவில்லை. குழாயின் மேல் இருந்தது பனி. அதன் அடியில் இருந்தது எண்ணெய். பனி எண்ணெயை மறைத்துக்கொண்டிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைவீதியிலுள்ள ஒரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் வயது முதிர்ந்தவர், பேச்சுக் குறைந்தவர். போல்ட்டைக் கழற்றியதும் விஷயம் வெளியாயிற்று. சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரிலுள்ள ஒரு பட்டறையில் காலிப்பரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அவ்விணைப்பின் இருபுறமும் இருக்கும் மெல்லிய வாஷர்கள் ஒருமுறை நசுங்கி இணைப்பை அடைப்பதற்கென்றே அமைந்தவை. ஒவ்வொரு முறை கழற்றும்பொழுதும் புதியவை போட வேண்டும். சில ரூபாய் பெறும் அப்பொருளை மாற்றாமல் பழையதையே போட்டு, அடைபடாத இணைப்பைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். குழாயில் வெடிப்பில்லை; உப்பலில்லை; பேடுகளிலும் எண்ணெய் ஏறவில்லை. அண்டை வீட்டுக்காரர் விதித்த ஐயாயிரம் ரூபாய் அபராதத்திற்கு அவசியம் நேரவில்லை. புதிய வாஷர்கள் போட்டு, கம்பெனி குறித்த அளவுக்கு முறுக்கியதும் காரியம் முடிந்தது.

எல்லா வழக்கும் இவ்வளவு மலிவாய் முடியாது. குழாயின் உடம்பிலேயே வெடிப்போ, புடைப்போ, அதன் உலோக முனை ரப்பரைக் கவ்வுமிடத்தில் ஈரமோ கண்டால், குழாயையே மாற்றுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. டேப் சுற்றுவதும் பசை பூசுவதும் தற்கொலைக்குச் சமானம். குழாய் பழுதின்றித் தோன்றினாலும் நான்கு வருஷத்திற்கு ஒருமுறை மாற்றவேண்டுமென்று சில கம்பெனிகளின் கைப்புத்தகங்கள் கூறுகின்றன. எண்ணெய் ஏறிய பேடுகளைத் துடைத்தோ சுட்டோ மீண்டும் பயன்படுத்தலாகாது.

காணாத ஈரம்

கட்டுரை இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மெக்கானிக் பழைய எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து நம் முன் வைத்தார். புதிய பிரேக் எண்ணெய் இளமஞ்சள் நிறமாய்த் தெளிந்திருக்கும். இதுவோ கடுங்காப்பியைப் போலிருந்தது.

“ஓஸுக்கு வெளியே இருந்த ஈரத்தைப் பார்த்து ஓடி வந்தீர்கள், வக்கீல் ஐயா. உள்ளே இருந்த ஈரத்தை இத்தனை வருஷமாய் யார் பார்த்தது?” என்று அவர் கேட்டார்.

நமக்கு விடை கூற முடியவில்லை. வண்டி வாங்கி நான்கு வருஷமாகிறது. எண்ணெய் ஒருமுறையும் மாற்றப்படவில்லை. டாட் 3, டாட் 4 என்று மூடியில் குறிக்கப்பட்டிருக்கும் சாதாரண பிரேக் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை உப்பைப் போல் உறிஞ்சும் இயல்பின. மேற்பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்பொழுதெல்லாம் ஈரம் புகும். அன்றியும், வெளியே ஈரமின்றிக் காணப்படும் ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவே நீராவி அணுவணுவாய் உட்புகும். குழாய் வெடித்திருக்க வேண்டியதில்லை. காலம் கழிந்தாலே போதும்.

இதனால் என்ன கேடு? புதிய டாட் 4 எண்ணெய் 230 டிகிரி சென்டிகிரேடு வரையிலேனும் கொதிக்காமலிருக்க வேண்டுமென்பது விதி. அதே எண்ணெயில் 100க்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையில் அவ்வெல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 எண்ணெய்க்கு இவ்வெல்லைகள் 205, 140. மஞ்சளில் 100க்கு 10 பங்கு ஈரம் இருந்தால் நல்ல சரக்கு. பிரேக் எண்ணெயில் அதில் பாதிகூட இல்லாதபோதே அபாயம்.

இப்பொழுது கொல்லிமலையை நினைவுகூர்வோம். இருவரையும் சேர்த்து 280 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகையில் வெளிப்படும் சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறினால், அது எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும் என்று கணக்கிடலாம். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்கும். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்குபவர் எஞ்சியதையெல்லாம் அச்சிறு தகட்டின் மேல் சுமத்துகிறார். அச்சூடு எண்ணெயை எட்டி, அதில் கலந்த நீர் ஆவியானால், ஆவி அமுங்கும் தன்மையுடையதாதலால் கைப்பிடி ஒரு தடையுமின்றி உள்ளே போய்விடும், வண்டி நில்லாது. இதில் வஞ்சகமான அம்சம் ஒன்றுண்டு. சற்று நேரம் ஆறினால் ஆவி மீண்டும் நீராகி, பிரேக் பழையபடி பிடிக்கும். பட்டறைக்கு வரும்பொழுது குற்றம் எதுவும் தென்படாது. “பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது?” என்ற கேள்வி எஞ்சும், சில சமயம் அதைக் கேட்கவேண்டியவர் எஞ்சுவதில்லை.

பரிகாரம் எளிது. பெரும்பாலான கம்பெனிகள் கூறுவது போல் இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். மூடியில் குறித்த வகையையே, முத்திரை உடைபடாத டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும்; திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த டப்பா முன்னமே ஈரம் குடித்திருக்கும். எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ அப்பாத்திரத்தில் ஒரு துளியும் விடலாகாது. உள்ளேயுள்ள ரப்பர்கள் ஊதிக் கெடும். மலையிறங்கும்பொழுது ஏறின கியரிலேயே இறங்கி, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

சட்டம் கேட்பது என்ன?

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவை நேயர்கள் அறிந்திருத்தல் நலம். அபாயம் விளைக்கக்கூடிய குறையுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவர் மட்டுமின்றி, ஓட்ட அநுமதிப்பவரும் தண்டனைக்குரியவர். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய் வரை. அக்குறையினால் விபத்து நேர்ந்து ஒருவருக்குக் காயமோ சொத்துக்குச் சேதமோ விளைந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதில் கவனிக்கத்தக்கது தண்டனையன்று. குறையை அறிந்திருந்தவன் மட்டுமல்ல, சாதாரண ஜாக்கிரதையைக் கொண்டு அறிந்திருக்கக் கூடியவனும் குற்றவாளியே என்று சட்டம் கூறுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பது விடையாகாது, ‘பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா?’ என்பதே கேள்வி.

அச்சாதாரண ஜாக்கிரதை எவ்வளவு? ஒரு காகிதத் துண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு சிட்டிகை பவுடர், பத்து நிமிஷம். யந்திர சாஸ்திரம் கற்றவர்களுக்கு மட்டுமே உரிய வித்தை இதில் எதுவுமில்லை. 2019ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளெல்லாம் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சாதனத்துடனேயே வரவேண்டுமென்று சர்க்கார் விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அச்சாதனமும் குழாயினுள் இருக்கும் எண்ணெயைக் கொண்டே வேலை செய்கிறது. எண்ணெய் கசிந்தாலோ கொதித்தாலோ அது என் செய்யும்?

நம்மவர்களிடம் இரண்டு குணங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. ஒன்று, குறையைக் கண்டதும் ‘ஒன்றுமில்லை, பனிதான்’ என்று தள்ளிவிடுவது. மற்றொன்று, ‘எல்லாம் போயிற்று, எல்லாவற்றையும் மாற்று’ என்று அலறுவது. முதலாவது உயிரைப் பறிக்கும். இரண்டாவது பணத்தைப் பறிக்கும். இரண்டும் ஒரே சோம்பலின் இரு பிள்ளைகள். இரண்டிலும் விசாரணை இல்லை. பொது வாழ்வில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் கிராமம் கிராமமாய் வண்டியிலேயே சுற்றுகிறவர்கள். இவ்விஷயத்தில் அவர்களே பிறருக்கு வழிகாட்டலாம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் தங்கள் வண்டியின் குழாயை ஒருமுறை துடைத்துப் பார்ப்பதால் எந்தத் தொண்டும் தடைப்படாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நமது தமக்கையார் மகனுடன் கொல்லிமலைக்குச் சென்று, சுகமாய்த் திரும்பினார். அன்றும் காலையில் குழாயின் மேல் பனி படிந்திருந்தது. மருமகப்பிள்ளை அதைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து, அடியிலுள்ள இணைப்பை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பிறகுதான் தாயாரை ஏறச் சொன்னார். மஞ்சள் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலியை ஒடித்துப் பார்க்கும் அவ்வூர் வியாபாரியின் விரல்களை அப்பொழுது நினைத்துக்கொண்டோம்.